காக்கா தாத்தா ஆன கதை

மொட்டை மாடியில் வடாம் காய்கிறது. காவலுக்கு உட்கார்ந்திருக்கும் நாலரை வயதுக் கயல் திடீரென்று கத்துகிறாள்: "அம்மா, தாத்தா வடாம் தின்னுது!"

கீழே அடுப்படியில் இருக்கும் அம்மாவுக்குப் புரிந்துவிடுகிறது, குச்சியை எடுத்துக்கொண்டு ஓடுகிறாள். வந்திருந்த விருந்தாளிதான் திகைத்துப் போகிறார். கயலுக்குக் காக்காவும் 'தாத்தா', தாத்தாவும் 'தாத்தா'. கத்தி 'தத்தி' ஆகிவிடும், நாக்கு 'நாத்து' ஆகிவிடும். பெயரைக் கேட்டால் 'தயல்' என்பாள்.

கயல் நான் உருவாக்கிக்கொண்ட குழந்தை. ஆனால் இப்படிப் பேசும் பிள்ளையைச் சொந்தத்திலோ தெருவிலோ நீங்கள் கட்டாயம் பார்த்திருப்பீர்கள். பாட்டி வசம்பைச் சுட்டு நாக்கில் தேய்க்கச் சொல்வார். பள்ளி டீச்சர் "கொஞ்சம் பார்த்துக்கோங்க" என்று டைரியில் எழுதி அனுப்புவார். கடைசியில் அம்மா பேச்சுச் சிகிச்சையாளரிடம் போய், தன் மனதைக் குடையும் கேள்வியைக் கேட்கிறாள்:

"மேடம், இவளுக்கு 'க' வராதுன்னு ஒரேயடியா சொல்லவும் முடியல. 'நகம்' நல்லா சொல்றா. 'மொகம் கழுவு'ன்னா 'மொகம்' சரியா வருது, 'கழுவு' மட்டும் 'தழுவு'ங்கிறா. பகல், மகன் எல்லாம் சரியாத்தான் இருக்கு. அப்ப வேணும்னே பண்றாளா?"

ஒரு குழந்தையால் ஒரே எழுத்தை ஒரு சொல்லில் சொல்ல முடிகிறது, அடுத்த சொல்லில் முடியவில்லை. ஏன்? இந்தப் புதிரை அவிழ்க்கத் தெரிந்தவரே பேச்சுச் சிகிச்சையாளர். அவிழ்க்கும் கருவியை அவருக்குத் தருவது மொழியியலும் ஒலியியலும். பேச்சொலிகள் வாயில் எப்படிப் பிறந்து காதில் எப்படி விழுகின்றன என்று பார்ப்பது ஒலியியல். அந்த ஒலிகள் சேர்ந்து ஒரு மொழியாக எப்படி ஒழுங்குபட்டு நிற்கின்றன என்று பார்ப்பது மொழியியல். 1965இல் மைசூரில் தொடங்கப்பட்ட அகில இந்தியப் பேச்சு மற்றும் செவித்திறன் நிறுவனம் உட்பட, இந்தப் படிப்பு நடக்கும் இடங்களில் எல்லாம் மாணவர்கள் இவை இரண்டையும் படிக்க வேண்டும். பிளஸ் டூவில் உயிரியல் படித்துவிட்டு, காதையும் குரல்வளையையும் அறியும் ஆசையோடு வருகிற பிள்ளைகள் பாடத்திட்டத்தைப் பார்த்து, "ஆஸ்பத்திரி வேலைக்கு மொழிப் பாடம் எதுக்கு?" என்று கேட்பதுண்டு. நியாயமான கேள்விதான். கயலிடமே விடை இருக்கிறது.

எழுத்தைக் கழற்றி வையுங்கள்

கல், பாக்கு, தங்கம், நகம். இந்த நான்கு சொற்களையும் வாய்விட்டு, அவசரப்படாமல் சொல்லிப் பாருங்கள்.

'கல்' என்று தொடங்கும்போது நாக்கின் பின்பகுதி மேலெழுந்து, வாயின் கூரையில் பின்னால் இருக்கும் மெத்தென்ற பகுதியில் ஒட்டுகிறது. காற்று ஒரு கணம் அடைபட்டு, பிறகு விடுபடுகிறது. 'பாக்கு' சொல்லும்போதும் அதே அடைப்புதான், சற்றே நீளமாக. 'தங்கம்' என்று சொல்லும்போது குரல்வளையில் விரலை வையுங்கள். அடைப்பு அதே இடத்தில் விழுகிறது, ஆனால் தொண்டை அதிர்ந்துகொண்டே இருக்கிறது. 'கல்'லில் அந்த அதிர்வு கிடையாது.

இப்போது 'நகம்'. நாக்கு எங்கும் ஒட்டவில்லை, காற்று அடைபடவில்லை, உரசிக்கொண்டு போய்விடுகிறது. சிலர் வாயில் அது மெல்லிய உரசல். பலர் வாயில் அது 'ஹ' என்றே ஒலிக்கும். ஊருக்கு ஊர், ஆளுக்கு ஆள் கொஞ்சம் மாறும்.

ஆக நாம் 'க' என்று ஒரே எழுத்தால் எழுதுவது வாயில் மூன்று வேறு ஒலிகளாக இருக்கிறது. தமிழுக்கு இதனால் இடைஞ்சல் எதுவும் இல்லை. சொல்லில் எந்த இடத்தில் நிற்கிறது என்பதே எந்த ஒலி என்று காட்டிவிடுவதால் தனித்தனி எழுத்து தேவைப்படவில்லை. பொருளை மாற்ற வல்ல ஒலி அலகை 'ஒலியன்' என்கிறோம். கட்டு, தட்டு என்னும் இரண்டு சொற்களையும் பிரித்துக் காட்டும் க், த் இரண்டும் இரு ஒலியன்கள். ஓர் ஒலியன் இடத்துக்கேற்ப எடுத்துக்கொள்ளும் உருவங்களுக்கு 'மாற்றொலிகள்' என்று பெயர். கல்லின் க, தங்கத்தின் க, நகத்தின் க மூன்றும் ஒரே ஒலியனின் மாற்றொலிகள்.

எழுதப் படிக்கத் தெரிந்தவரின் காதை எழுத்து மூடிவிடுகிறது. 'நகம்' என்று கேட்டால் நம் மனம் அங்கே 'க'வைப் பார்க்கிறது, உரசலைக் கேட்பதில்லை. இந்தத் துறைக்கு வரும் மாணவர் செய்ய வேண்டியதிலேயே கடினமானது இதுதான் என்பேன்: பல வருடமாகப் பழகிய எழுத்தைக் கழற்றி வைத்துவிட்டு, வெறும் ஒலியை ஒலியாகக் கேட்பது. கயலுக்கு இந்தத் தொல்லை கிடையாது. அவளுக்கு இன்னும் எழுத்தே தெரியாது.

வாய்க்குள் மூன்று கேள்விகள்

எந்த மெய்யொலியையும் மூன்று கேள்விகளால் பிடித்துவிடலாம். காற்று எங்கே தடுக்கப்படுகிறது? எப்படித் தடுக்கப்படுகிறது? அப்போது தொண்டை அதிர்கிறதா? சுருக்கமாக, இடம், விதம், அதிர்வு.

தொல்காப்பியத்தின் எழுத்ததிகாரத்தில் மூன்றாம் இயலான பிறப்பியல் இந்த முதல் இரண்டு கேள்விகளைத்தான் கேட்கிறது. உந்தியில் இருந்து எழும் காற்று நெஞ்சு, மிடறு, தலை, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் ஆகியவற்றோடு உறவாடி எழுத்தொலியாகிறது என்று கூறி, எந்த ஒலிக்கு நாவின் எந்தப் பகுதி அண்ணத்தின் எந்தப் பகுதியைத் தொடுகிறது என்று வரிசையாகச் சொல்கிறது. ககரத்தையும் ஙகரத்தையும் அது ஒரே இடத்தில் பிறப்பவையாகச் சேர்த்து வைத்திருக்கிறது. இந்த ஒன்றை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், சற்று நேரத்தில் கயலுக்குத் தேவைப்படும்.

இடம் என்றால் என்ன என்று புரிய ஒரு சின்னச் சோதனை. சுத்தமான விரலால் நாக்கின் நுனியைக் கீழ்ப்பற்களுக்குப் பின்னால் அழுத்திப் பிடித்துக்கொண்டு 'கா' என்று சொல்லுங்கள். சிரமமில்லாமல் வரும். விரலை எடுக்காமலே 'தா' சொல்லப் பாருங்கள். நுனி மேற்பல்லை எட்ட முடியாததால் 'தா' வராது, 'கா' போலவே ஏதோ ஒன்று வரும். 'த'வுக்கு நுனி வேண்டும், 'க'வுக்குப் பின்புறம் வேண்டும். மற்றபடி கல்லின் 'க'வுக்கும் தட்டின் 'த'வுக்கும் வித்தியாசமே இல்லை. இரண்டிலும் காற்று முழுதாக அடைபடுகிறது, இரண்டிலும் தொண்டை அதிர்வதில்லை.

கயலின் தாள்

சிகிச்சையாளர் படங்களைக் காட்டி, கயல் சொன்னதைச் சொன்னபடியே எழுதிக்கொள்கிறார். தாளில் பாதியைப் பார்ப்போம்.

காக்கா: தாத்தா
கத்தி: தத்தி
நாக்கு: நாத்து
சங்கு: சந்து
தங்கச்சி: தந்தச்சி
நகம்: நகம்
பகல்: பகல்
தட்டு: தட்டு
பந்து: பந்து

முதல் மூன்று வரிகளில் புதிது எதுவும் இல்லை, நாக்கு பின்னால் அடைக்க வேண்டிய இடத்தில் முன்னால் அடைக்கிறது. நான்காம் வரியில்தான் நிற்க வேண்டும்.

சங்கு ஏன் சந்து ஆகிறது? 'க'வைச் சொல்ல வராத பிள்ளை என்றால் அந்த 'கு' மட்டும்தானே மாறியிருக்க வேண்டும்? முன்னால் இருக்கும் 'ங்' ஏன் 'ந்' ஆனது? 'ங்'கை மாற்றச் சொல்லி யாரும் அவளுக்குக் கற்றுத்தரவில்லை. காரணம் பிறப்பியலில் பார்த்ததுதான். க், ங் இரண்டும் பிறக்கும் இடம் ஒன்று. கயல் 'க' என்னும் ஒலியைத் தொலைக்கவில்லை. பின்னண்ணம் என்ற அந்த இடத்தையே முன்னுக்கு நகர்த்திவிட்டாள். அங்கே பிறக்க வேண்டியவை எல்லாம் கூட்டாகப் பல்லுக்கு இடம் பெயர்ந்துவிட்டன.

இன்னும் உன்னிப்பாகப் பாருங்கள். சங்கில் 'கு' தொண்டை அதிர்ந்து வரும் ஒலி. கயலின் 'சந்து'வில் இருக்கும் 'து'வும் அதிர்ந்தே வருகிறது. காக்காவின் 'கா' அதிராத ஒலி, அவள் சொல்லும் 'தா'வும் அதிரவில்லை. மூக்கொலி மூக்கொலியாகவே இருக்கிறது, அடைப்பொலி அடைப்பொலியாகவே இருக்கிறது. மூன்று கேள்விகளில் இரண்டுக்கு அவள் விடை பிசகாமல் சரி. மாறியது இடம் ஒன்றுதான்.

அம்மாவின் புதிர் இப்போது தானே அவிழ்கிறது. நகத்திலும் பகலிலும் நாக்கு பின்னண்ணத்தில் அடைப்பதே இல்லை. அடைப்பு இல்லாத இடத்தில் கயலின் விதிக்கு வேலை இல்லை. எழுத்தைப் பார்த்தவருக்கு அவள் பேச்சு தாறுமாறாகத் தெரிந்தது. ஒலியைக் கேட்டால் ஒரு சொல்லில்கூட அவள் தன் விதியை மீறவில்லை.

இந்த விதியை 'முன்னகர்வு' என்று அழைப்போம். பல மொழிகளில் பேசத் தொடங்கும் குழந்தைகளிடம் இது காணப்படுகிறது. 'ப', 'ம' போன்றவை உதட்டில் பிறப்பவை, அம்மாவின் முகத்தைப் பார்த்தே பழகலாம். 'த' பல்லருகே பிறப்பது, நாக்கு நுனி எட்டிப் பார்க்கும். 'க' பிறக்கும் இடத்தைக் குழந்தை பார்க்கவே முடியாது. ஆங்கிலம் பேசும் பிள்ளைகளிடம் முன்னகர்வு பொதுவாக மூன்றரை, நான்கு வயதுக்குள் தானாக மறைந்துவிடும். ஆனால் அந்தக் கணக்கை அப்படியே தூக்கித் தமிழ்ப் பிள்ளையின் தலையில் வைக்கக்கூடாது. தமிழின் ஒலிகள் வேறு, அவை வரும் இடங்களும் வேறு. ஆங்கில அளவுகோலைக் கொண்டு தமிழ்க் குழந்தையை அளப்பது இந்தத் துறையில் எனக்குப் பெரிய கவலை தரும் விஷயம்.

காதில் இருக்கிறது

கயலிடம் அம்மா ஒருநாள் அவளைப் போலவே பேசிப் பார்க்கிறாள்: "தாத்தா வந்துச்சா செல்லம்?" கயல் கோபமாக, "தாத்தா இல்லம்மா, தாத்தா!" என்கிறாள். அம்மா சிரித்துக்கொண்டே "காக்காவா?" என்றதும் முகம் மலர்ந்து, "ஆமா, தாத்தா!"

இதே போன்ற ஒன்றை ஜீன் பெர்க்கோ, ரோஜர் பிரவுன் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் 1960இல் எழுதி வைத்தார்கள். ஒரு குழந்தை தன் காற்றடைத்த பிளாஸ்டிக் மீனை 'ஃபிஷ்' என்று சொல்ல வராமல் 'ஃபிஸ்' என்றது. பெரியவர் "இது உன் ஃபிஸ்ஸா?" என்று கேட்டதும் குழந்தை ஒத்துக்கொள்ளவில்லை. அவர் 'ஃபிஷ்' என்று சரியாகச் சொன்ன பிறகே, ஆமாம், என் 'ஃபிஸ்' என்று ஏற்றுக்கொண்டது.

பெரியவர் பேச்சில் இருக்கும் வேறுபாடு அந்தக் குழந்தையின் காதில் சரியாக விழுகிறது, நாக்குதான் இன்னும் வந்து சேரவில்லை. அதனால்தான், "நான் சொல்றதை நல்லாக் கேட்டுச் சொல்லு" என்று பிள்ளையை அதட்டுவது எனக்குப் பொறுக்காது. அது ஏற்கெனவே நன்றாகத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறது. எல்லாப் பிள்ளையும் இப்படி என்று எடுத்துக்கொள்ளவும் கூடாது. அடிக்கடி சளி பிடித்து, காதுக்குள் நீர் கோத்துக் கேட்கும் திறன் குறைந்த பிள்ளைகள் உண்டு. எந்தப் பேச்சுச் சிக்கலோடு வந்தாலும் முதலில் செவித்திறன் சோதனை செய்வது அதற்காகவே.

'க' வரலை என்ற மூன்று பிள்ளைகள்

'க வரவில்லை' என்று மட்டும் குறிப்பேட்டில் எழுதுகிற சிகிச்சையாளர் எதையும் எழுதவில்லை என்றே சொல்வேன். மூன்று பிள்ளைகளை அருகருகே உட்கார வைத்துப் பாருங்கள்.

முதல் பிள்ளை கயல். 'க'வுக்குப் பதில் தவறாமல் 'த'.

இரண்டாம் பிள்ளை அண்ணப்பிளவோடு பிறந்து அறுவை சிகிச்சை செய்துகொண்டவன். காக்கா என்று சொல்லும்போது 'ஆ' என்று ஒலித்து, தொண்டையில் ஒரு வெட்டு விழுந்து, மறுபடியும் 'ஆ' என்று வருகிறது. வாய்க்கும் மூக்குக்கும் நடுவே கதவு சரியாக மூடாதபோது, வாய்க்குள் காற்றை அடைத்து வைக்க முடியாது, மூக்கு வழியாகக் கசிந்துவிடும். கசிவதற்கு முன்பே, கீழே குரல்வளையிலேயே காற்றை நிறுத்திவிட இந்தப் பிள்ளை தானாகக் கற்றுக்கொண்டிருக்கிறான். நாக்கை முன்னும் பின்னும் நகர்த்தும் பயிற்சி மட்டும் இவனுக்குப் போதாது. கதவு மூடுகிறதா என்று மருத்துவர் பார்த்தாக வேண்டும்.

மூன்றாம் பிள்ளை காக்காவை இன்று 'தாக்கா' என்கிறாள், நாளை 'பாக்கா', அரை மணி கழித்து 'காத்தா'. சொல் நீள நீளத் தடுமாற்றம் கூடுகிறது, வாய் சரியான நிலையைத் தேடி அலைகிறது. கயலிடம் இருந்த விதி இங்கே இல்லை. மூளை பேச்சசைவுகளைத் திட்டமிட்டு அடுக்குவதில் சிக்கல் இருக்கலாம் என்று சிகிச்சையாளர் சந்தேகிப்பார்.

மூவரும் 'க' வராதவர்கள். மூவருக்கும் சிகிச்சை வேறு வேறு. வேறுபாட்டைக் காது பிடித்தால் போதாது, அடுத்த மாதம் இன்னொருவர் படித்தாலும் விளங்கும்படி எழுதியும் வைக்க வேண்டும். 1886இல் பாரிஸில் தோன்றிய பன்னாட்டு ஒலியியல் கழகம் 1888இல் முதன்முதலாக வெளியிட்ட ஒலிக்குறிகள் இதற்குத்தான் கைகொடுக்கின்றன. ஓர் ஒலிக்கு ஒரே குறி, ஒரு குறிக்கு ஒரே ஒலி. கயலின் தாளை இந்தக் குறிகளில் எழுதினால், கல்லின் க, தங்கத்தின் க, நகத்தின் க மூன்றும் மூன்று குறிகளாகத் தனித்து நிற்கும். அம்மாவைக் குழப்பிய புதிர் அந்தத் தாளில் எழவே எழாது. இரண்டாம் பிள்ளையின் தொண்டை வெட்டுக்கும் ஒரு குறி உண்டு. 1990இல் பேச்சுக் கோளாறுகளுக்கெனவே கூடுதல் குறிகளும் வகுக்கப்பட்டன.

திருத்தக் கூடாத பேச்சு

மொழியியல் சிகிச்சையாளருக்குத் தரும் இன்னொரு பரிசு, எதைத் தொடாமல் விட வேண்டும் என்ற தெளிவு.

வாழைப்பழத்தை 'வாளைப்பளம்' என்று சொல்லும் பிள்ளை வருகிறது. அழைத்து வந்த அப்பாவும் "எங்க வீட்ல எல்லாரும் வாளைப்பளம்னுதான் சொல்லுவோம்" என்று கூச்சத்தோடு சொல்கிறார். அந்தப் பிள்ளையிடம் கோளாறு எதுவும் இல்லை. தன் வீட்டின் மொழியை அது பிசகாமல் கற்றிருக்கிறது. 'வாயப்பயம்' என்பவர்களும் அப்படியே. யாழ்ப்பாணத்தில் 'காற்று' என்பதன் 'ற்ற்' ஒலிப்பும் சென்னைக் காதுக்குப் புதிதாக இருக்கும், அதுவும் அந்த மண்ணின் இயல்பு. மேடையில் பேச 'ழ' பழக வேண்டும் என்றால் தமிழாசிரியர் பழக்கட்டும், மகிழ்ச்சி. வட்டார வழக்கை நோயென்று எழுதி ஒரு குழந்தையின் மேல் முத்திரை குத்தும் உரிமை யாருக்கும் இல்லை. பேச்சில் குறை இருக்கிறதா என்று தீர்மானிக்க, குழந்தையின் பேச்சை அதன் வீட்டாரின் பேச்சோடு ஒப்பிட வேண்டும், பாடப்புத்தகத்தோடு அல்ல.

தோடா, கோடா?

அமெரிக்காவின் சார்லஸ் வான் ரைப்பர் 1939இல் எழுதிய பேச்சுத் திருத்த நூல் பல தலைமுறைச் சிகிச்சையாளர்களுக்கு வழிகாட்டியாக இருந்தது. அவர் காட்டிய வழி, ஒவ்வோர் ஒலியாகப் பிடிப்பது: முதலில் காதால் இனம் காண்பது, பிறகு தனி ஒலி, அசை, சொல், வாக்கியம். இன்றும் பல பிள்ளைகளுக்கு அது பயன்படுகிறது. ஆனால் கயலைப் போன்ற பிள்ளைக்குக் 'கா' ஒருமுறை, 'கு' ஒருமுறை, 'ங்' ஒருமுறை என்று போனால் வருடக்கணக்காகும். டேவிட் இன்கிராம் 1976இல் வெளியிட்ட நூல், குழந்தையின் பிழைகளுக்கு அடியில் இருக்கும் ஒழுங்கைப் பார்க்கும் மொழியியல் பார்வையைச் சிகிச்சை அறைக்குக் கொண்டு வந்தவற்றுள் முக்கியமானது. ஒலியைத் திருத்துவதற்குப் பதில் விதியைத் தொட்டால் போதும் என்ற எண்ணம் அதன்பின் வலுப்பட்டது.

விதியை எப்படித் தொடுவது? ஒரே ஓர் ஒலியால் மட்டும் வேறுபடும் இரண்டு சொற்களை 'ஓரொலி இணை' என்று சொல்லலாம். கட்டு, தட்டு. கடை, தடை. கோடு, தோடு. இத்தகைய இணைகளைக் கொண்டு விளையாட்டாகச் சிகிச்சை தரும் முறையை வெய்னர் என்பவர் 1981இல் விவரித்தார்.

கயலுக்கு முன்னால் இரண்டு வகைப் படங்கள். ஒன்றில் பாட்டி காதில் போடும் தோடு, இன்னொன்றில் சிலேட்டில் கிழித்த கோடு. இன்று கயல்தான் டீச்சர், சிகிச்சையாளர் பிள்ளை. டீச்சர் கேட்கும் படத்தைப் பிள்ளை எடுத்துத் தர வேண்டும்.

"தோடு துடு," என்கிறாள் கயல், கோட்டுப் படத்தைப் பார்த்தபடி.

சிகிச்சையாளர் தோட்டை எடுத்துத் தருகிறார்.

"இது இல்ல! தோடு!"

"தோடுதானே குடுத்தேன் டீச்சர்?"

கயல் கையில் இருக்கும் தோட்டையும் மேசையில் இருக்கும் கோட்டையும் மாறி மாறிப் பார்க்கிறாள். அவளுடைய ஒரே சொல் இரண்டு பொருளுக்கு நிற்கிறது என்பது அவளுக்கு முதன்முறையாகக் கையில் தட்டுப்படுகிறது. அம்மாவிடம் இது நேர்ந்ததே இல்லை, அம்மா எப்போதும் புரிந்துகொண்டுவிடுவாள்.

இப்போதுதான் நாக்குக்கு உதவி. வாயில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி, அண்ணாந்து, தொண்டையில் களகளவென்று கொப்பளிக்கச் சொல்வார்கள். நாக்கின் பின்புறம் அங்கே விழித்துக்கொள்கிறது. அல்லது நீங்கள் விரலால் செய்து பார்த்த சோதனையையே, நாக்கு நுனியைத் தட்டையான குச்சியால் மெல்ல அழுத்திக்கொண்டு, "தா சொல்லு" என்று செய்வார்கள். கயல் 'தா' சொல்ல முயல்கிறாள், வாயிலிருந்து 'கா' வந்து விழுகிறது. அவளே திடுக்கிட்டுக் கையால் வாயைப் பொத்திக்கொள்கிறாள்.

சில வாரங்கள் கழித்து அம்மாவிடமிருந்து பதற்றத்தோடு போன் வருகிறது.

"மேடம், காக்காவ 'காக்கா'ன்னு சொல்ல ஆரம்பிச்சுட்டா. ஆனா இப்ப தண்ணியக் 'கண்ணி'ங்கிறா. தட்டக் 'கட்டு'ங்கிறா. அவங்க தாத்தாவையும் 'காக்கா'ன்னுதான் கூப்பிடறா. ஏதாவது தப்பாப் பண்ணிட்டமா?"

"தப்பே இல்லம்மா. இத்தனை நாளா ரெண்டையும் ஒரே டப்பாவுல போட்டு வச்சிருந்தா. இப்ப ரெண்டாவது டப்பா கிடைச்சிருக்கு. எதை எதுல போடணும்னு பிரிச்சுக்கிட்டு இருக்கா, கொஞ்ச நாள் அள்ளி அள்ளிப் புதுசுல போடுவா. தாத்தா கோவிச்சுக்கிட்டாரா?"

"அவரா? 'கா கா'ன்னு கத்திக்கிட்டே அவ பின்னால வீடு பூரா ஓடறாரு மேடம்."